கார்ப்பஸ் கூடிவிட்டது, அப்புறம்?

அவ்வப்போது மின்னஞ்சலில் ஒரு பி.டி.எஃப். வந்து விழும். கையிலுள்ள மியூச்சுவல் ஃபண்டு அத்தனையையும் திரட்டிக் காட்டும் கணக்கு அறிக்கை. பான் எண்ணைப் பெரிய எழுத்தில் அடித்தால் திறக்கும். ரிட்டயர் ஆனவர்கள் வீட்டில் இது ஒரு சின்னச் சடங்கு. கண்ணாடியைத் தேடி எடுத்து, பேரன் விட்டுப்போன டேப்லட்டைத் தலையணையில் சாய்த்து வைத்து, முதல் பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை எண்ணை, அதாவது சேர்ந்திருக்கும் மொத்தப் பணமான கார்ப்பஸைப் பார்ப்பது. போன தடவையைவிடக் கூடியிருந்தால் அன்றைய காபிக்கு ருசி கொஞ்சம் கூடுதல்.

சில ஆண்டுகளாக அந்த எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 25,981 புள்ளிகளில் முடிந்தது. 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில் 85,800ஐத் தாண்டியது. நாலரை ஆண்டில் மூன்று மடங்குக்கும் மேல். சம்பளம் வாங்கும் வயதில் இது நடந்தால் சந்தோஷம், அவ்வளவுதான். மாதச் சம்பளம் நின்றுபோனவருக்கு நடந்தால் கூடவே ஒரு குழப்பமும் வரும். இந்தப் பணத்தைச் செலவழிக்கலாமா? எடுத்து எஃப்.டி.யில் போட்டுவிடலாமா? பிள்ளை வீடு வாங்கக் கொடுக்கலாமா? இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே விட்டுவிடலாமா?

ஓய்வுக்காலப் பணம் என்றாலே நம்மூரில் பேச்செல்லாம் கரைந்து போவதைப் பற்றித்தான். ஏறினால் என்ன செய்வது என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை, தவறான முடிவுகள் பலவற்றுக்கு விதை விழுவது ஏறும் காலத்தில்தான். இறங்கும்போது அது முளைத்து வெளியே தெரிகிறது.

கணக்கு புரிய ஒருவரை வைத்துக்கொள்வோம். மாமா என்று கூப்பிடுவோம். இவர் தனி ஆள் அல்ல, எனக்குத் தெரிந்த நாலைந்து பேரைக் கலந்து செய்தவர். ஆகவே நங்கநல்லூரில் தேடிப் போகாதீர்கள். தனியார் கம்பெனியில் வேலை பார்த்து 2017 மார்ச் கடைசியில் 60 வயதில் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 80 லட்சம். 50 லட்சத்தை சீனியர் சிட்டிசன் திட்டத்திலும் வங்கி வைப்பிலும் பிரித்துப் போட்டார். மகன் சொன்னான் என்பதற்காக 30 லட்சத்தை, நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீட்டோடு சேர்ந்தே ஏறி இறங்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டார். மாடி வாடகையும் பி.எஃப். மூலம் வரும் சொற்பப் பென்ஷனும் போக, கையிருப்பிலிருந்து குடும்பத்துக்குத் தேவைப்பட்டது மாதம் 30,000 ரூபாய். வட்டியே அதைப் பார்த்துக்கொண்டது.

அவர் பணம் போட்ட அன்று நிஃப்டி 9,174. சரியாக மூன்று ஆண்டு கழித்து, 2020 மார்ச் 31 அன்று, 8,598. மூன்று வருடம் காத்திருந்தும் போட்ட பணம்கூட இல்லை. மகனிடம் அப்போது அவர் என்ன பேசினார் என்பதை எழுத வேண்டாம். பிறகு ஏறத் தொடங்கியது. 2024 செப்டம்பர் 30 அன்று 25,811. டிவிடெண்டைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் 30 லட்சம் 84 லட்சமாகியிருந்தது. இதற்கிடையே விலைவாசி ஏறி மாதத் தேவை 45,000 ஆகிவிட்டது. பற்றாக்குறைக்கு வைப்பிலிருந்து அவ்வப்போது உருவியதில் அந்த 50 லட்சம் 46 ஆகக் குறைந்தது. ஆக மொத்தம் 1 கோடியே 30 லட்சம்.

80 லட்சம் 130 லட்சமாகிவிட்டது. மாமா தன்னைக் கோடீஸ்வரர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் நினைத்துக்கொண்டார். அதில் தப்பில்லை. ஆனால் அதே தொகையை வேறொரு அளவுகோலில் அளந்து பாருங்கள். 2017இல் ஆண்டுத் தேவை 3.6 லட்சம். 80 லட்சத்தை அதால் வகுத்தால் 22 வருடச் செலவு கையில் இருந்தது. 2024இல் ஆண்டுத் தேவை 5.4 லட்சம். 130 லட்சத்தை வகுத்தால் 24 வருடம். தொகை அறுபது சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது, வருடங்கள் கூடியது இரண்டுதான். மீதியை விலைவாசி தின்றுவிட்டது.

இந்த வகுத்தல் ரொம்ப எளிமையானது என்பது தெரியும். முதலீடு தரும் வருமானமும் விலைவாசி ஏற்றமும் சரிக்குச் சரியாக இருக்கும் என்று அது மறைமுகமாக வைத்துக்கொள்கிறது. வரியை விட்டுவிடுகிறது. ஆனாலும் ரிட்டயர் ஆனவர் கையில் இருக்க வேண்டிய முதல் அளவுகோல் இதுதான் என்பேன். லட்சம், கோடி எல்லாம் சம்பாதிக்கும் காலத்து அளவைகள். சம்பளம் நின்றபின் பணத்தின் வேலை நாட்களை நகர்த்துவது. அரிசியைப் படியால் அளப்பதுபோல், ஓய்வுக்காலப் பணத்தை வருடத்தால்தான் அளக்க வேண்டும்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 60 வயதில் 22 வருடச் செலவு இருந்தால் அது 82 வயதுவரை வரும். அறுபத்தேழரை வயதில் 24 வருடம் இருந்தால் தொண்ணூறைத் தாண்டும். மாமாவுக்கு உண்மையில் கிடைத்த லாபம் இதுதான்: ஏழரை வருடம் சாப்பிட்டு முடித்த பிறகும் பானை நிறைந்தே இருக்கிறது. அந்த 54 லட்சம் ‘லாபம்’ என்று அறிக்கையில் பச்சை நிறத்தில் மின்னுவதைவிட இது பெரிய செய்தி. ஆனால் அதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை. மாமிக்கு 62 வயது என்பதையும் சொல்வதில்லை. பணம் இரண்டு பேருக்கானது. கணக்கை வயதில் இளையவரை வைத்துப் போட வேண்டும். மாமி 62இல் இருந்து 24 வருடம் என்றால் 86தான். பெண்கள் பொதுவாக ஆண்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தால் அந்த 130 லட்சம் சட்டென்று கொஞ்சம் இளைத்துவிடும்.

சரி, இப்போது யாரும் கவனிக்காத மாற்றம். ஓய்வு பெற்ற அன்று மாமாவின் பணத்தில் பங்குச் சந்தையில் இருந்தது 37.5 சதவீதம். ஏழரை வருடத்தில் ஒரு ரூபாய்கூட அவர் கூடுதலாகப் போடவில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் அது 65 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. அறுபது வயதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் துணிந்தவர், அறுபத்தேழில் மூன்றில் இரண்டு பங்கைச் சந்தையில் வைத்திருக்கிறார். ‘இன்றைக்கு உங்களிடம் 130 லட்சம் ரொக்கமாக இருந்தால் 84 லட்சத்தைப் பங்கு ஃபண்டில் போடுவீர்களா மாமா?’ என்று கேட்டால் அலறுவார். போட்டுத்தான் வைத்திருக்கிறார்.

விற்கச் சொன்னால் மனம் வராது. ‘ஏறிட்டிருக்கறதை எதுக்குப்பா எடுக்கணும்? இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்பார். நடத்தைப் பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு ‘ஹவுஸ் மணி’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சூதாட்ட விடுதியில் ஜெயித்த பணத்தை ‘இது விடுதியின் காசு’ என்று நினைத்து இன்னும் தாராளமாகப் பந்தயம் கட்டுவதுபோல், லாபமாக வந்த பணத்தின் மீது நமக்குப் பயம் குறைந்துவிடுகிறது. ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990இல் இதைப் பற்றி எழுதினார்கள். பாட்டி பாஷையில் சொன்னால் தானா வந்த பணம், உழைச்சுச் சேர்த்த பணம் என்று மனசுக்குள் இரண்டு டப்பா.

பிறகு 2025 மார்ச் வந்தது. மார்ச் 4 அன்று நிஃப்டி 22,083. மாமாவின் 84 லட்சம் 72 லட்சமாகியிருந்தது. மொத்தம் 118 லட்சம், அதாவது மறுபடி 22 வருடம். ஐந்து மாதத்தில் 12 லட்சம் போனது என்றால் அது அவருடைய இரண்டு வருடத்துக்கு மேலான வீட்டுச் செலவு. அப்போதுதான் ஏஜெண்டுக்கு போன் போட்டார்: ‘எல்லாத்தையும் எடுத்துடலாமா?’

ஏறும்போது ஒரு ரூபாய் எடுக்க மனமில்லாதவர் இறங்கும்போது முழுவதையும் எடுக்கத் துடிக்கிறார். கேலி செய்ய நான் தயாரில்லை, ஏனென்றால் இந்தப் பயத்துக்குப் பின்னால் இந்தத் தலைமுறையின் வரலாறு இருக்கிறது. 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா தன் யு.எஸ். 64 திட்டத்தில் யூனிட்டுகளை விற்பதையும் திரும்ப வாங்குவதையும் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தது. 1964இல் தொடங்கிய திட்டம் அது. அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பி ஓய்வுப் பணத்தைப் போட்டு வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் ஏராளம். அதற்கு முன்னால் தொண்ணூறுகளில் தேக்குமரத் திட்டங்கள், அதிக வட்டி கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனிகள் வாசலில் விடியற்காலையில் ரசீதோடு நின்ற கூட்டம். முதலீட்டாளர் பணத்தைக் காப்பதற்கென்றே தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த வரிசையில் நின்றவர்களுக்கோ, நின்ற அப்பாவைப் பார்த்தவர்களுக்கோதான் இப்போது அறுபது, எழுபது வயது. காகிதத்தில் கூடும் பணம் காகிதத்திலேயே காணாமலும் போகும் என்பது அவர்களுக்குப் பழகிய பாடம்.

ஆனால் மோசடியால் போன பணமும் சந்தை இறங்கியதால் குறைந்த மதிப்பும் ஒன்றல்ல. முதலாவது திரும்பாது. இரண்டாவது பெரும்பாலும் திரும்பும், எத்தனை வருடத்தில் என்பதுதான் கேள்வி. 2008 ஜனவரியில் 20,873 வரை போய் முடிந்த சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,160க்கு வந்தது. பழைய உச்சியை 2010 தீபாவளி நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சரிந்தது. உறுதியாகத் தாண்டியது 2013 கடைசியில்தான். கிட்டத்தட்ட ஆறு வருடம். ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உயரத்தை 2024 பிப்ரவரியில்தான் மீண்டும் தாண்டியது என்பதையும் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். தினமும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆக, சந்தை ஆறு வருடம் படுத்துவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாமாவிடம் வைப்பில் 46 லட்சம் இருக்கிறது. வருடத்துக்கு 5.4 லட்சம் என்றால் வட்டியை விட்டாலும் எட்டரை வருடத்துக்கு வரும். 2008 மாதிரி ஒரு சரிவையும் அதற்குப் பிந்தைய மந்தத்தையும் ஒரு யூனிட்கூட விற்காமல் தாண்டிவிடலாம். இந்தக் கணக்கை மார்ச் மாதத்தில் அவர் போட்டிருந்தால் ஏஜெண்டுக்கு அந்த போன் போயிருக்காது. 65 சதவீதம் என்பதைப் பார்த்துப் பதறுவதைவிட எட்டரை வருடம் என்பதைப் பார்த்து நிதானப்படுவது நல்லது. என்னைக் கேட்டால் இரண்டையும் பார்க்க வேண்டும். 65 வயிற்றைக் கலக்குகிறது என்றால் பாதியாக்கிக்கொள்ளலாம், ஆனால் அதை ஏறியிருக்கும்போது செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் அமெரிக்கர்கள் போட்ட ஒரு கணக்கைச் சொல்லாமல் போக முடியாது. வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் அந்த நாட்டின் பழைய சந்தை விவரங்களை வைத்து ஒரு கேள்வி கேட்டார்: ஓய்வு பெற்றவர் முதல் வருடம் எத்தனை சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் பணம் தீராமல் இருக்கும்? 4 சதவீதம் சுற்றி விடை வந்தது. அதுவே ‘நாலு சதவீத விதி’ என்று உலகமெல்லாம் பரவிவிட்டது. நம்மூர் யூடியூப் வரை வந்துவிட்டது. ஆனால் நம் வட்டி விகிதம் வேறு, விலைவாசி வேறு, சென்செக்ஸுக்கு இருக்கும் வரலாறே 1978-79ஐ அடிப்படை ஆண்டாக வைத்துத் தொடங்குவதுதான். அப்படியே எடுத்து இங்கே பூசினால் ஒட்டாது.

அதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது விதியைவிட அதற்குள் இருக்கும் ஒரு முரண். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பேர். ஒருவர் இரண்டு வருடம் முன்பு 1 கோடியோடு ஓய்வு பெற்று, விதிப்படி வருடம் 4 லட்சம் எடுக்கிறார். சந்தை ஏறி அவர் பணம் 1 கோடியே 40 லட்சமாகிவிட்டது. மற்றவர் இன்று அதே 1 கோடியே 40 லட்சத்தோடு ஓய்வு பெறுகிறார். விதிப்படி இவர் 5.6 லட்சம் எடுக்கலாம். இருவர் கையிலும் ஒரே தொகை, எதிரே இருப்பது ஒரே எதிர்காலம், செலவு மட்டும் ஏன் வேறு? யார் செய்வது சரி?

பதில் இரண்டாமவருக்குப் பிடிக்காது. பெங்கன் கண்ட மிக மோசமான தொடக்கங்களில் ஒன்று 1960களின் பிற்பகுதி. அப்போது அமெரிக்கச் சந்தை நன்றாக ஏறியிருந்தது. அதன் பிறகு வந்தது எழுபதுகளின் விலைவாசியும் சந்தைச் சரிவும். நன்றாக ஏறிய சந்தையின் உச்சியில் ஓய்வு பெறுபவர் பெரிய தொகையோடு வீட்டுக்குப் போகிறார், ஆனால் அந்தத் தொகையில் எதிர்காலத்தின் ஏற்றமும் கொஞ்சம் முன்பணமாகக் கலந்திருக்கக் கூடும். 2017இல் ஓய்வு பெற்ற மாமாவுக்கு ஏற்றம் ஒரு மெத்தை. 2024 செப்டம்பரில் ஓய்வு பெற்றவருக்கு அதே ஏற்றம் ஒரு உயரம், கீழே பார்த்துக்கொள்ள வேண்டிய உயரம். ஒரே செய்தித்தாள், ஒரே சென்செக்ஸ், இருவருக்கும் அர்த்தம் வேறு. ‘அவர் எடுக்கறார், நானும் எடுக்கறேன்’ என்பது இதில் மட்டும் எடுபடாது.

ஏறினால் செலவைக் கூட்டவே கூடாதா? கூட்டலாம். அதற்கும் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஜொனாதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் என்ற இருவர் 2006இல் சொன்ன முறை எளிது. முதல் வருடம் கையிருப்பில் எத்தனை சதவீதம் எடுத்தீர்களோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் பெருகிப் பெருகி, நீங்கள் எடுக்கும் சதவீதம் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் செலவை 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். பணம் சுருங்கி அந்தச் சதவீதம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் செலவை 10 சதவீதம் குறைக்க வேண்டும். நடுவில் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம்.

மாமாவுக்குப் போட்டுப் பார்ப்போம். 2017இல் 80 லட்சத்தில் 3.6 லட்சம், அதாவது 4.5 சதவீதம். கீழ் வேலி 3.6, மேல் வேலி 5.4. 2024 செப்டம்பரில், 130 லட்சம் இருந்த அந்தப் பொற்காலத்தில், 5.4 லட்சம் என்பது 4.15 சதவீதம். வேலியைத் தொடவே இல்லை! 50 லட்சம் கூடியும் இந்த முறைப்படி அவருக்குச் சம்பள உயர்வு கிடையாது. 2025 மார்ச்சில் 118 லட்சத்தில் 4.6 சதவீதம். அப்போதும் மேல் வேலிக்கு வெகு தூரம், ஆகவே சம்பள வெட்டும் கிடையாது. உச்சியில் குதிக்கவும் வேண்டாம், சரிவில் துவளவும் வேண்டாம் என்று எண்களே சொல்லிவிட்டன. இவ்வளவு களேபரத்துக்கும் அறிக்கையின் முதல் பக்கம்தான் காரணம்.

அடுத்தது வரி. இதில் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டை விற்றால் வரும் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம் வரி. ஒரு நிதியாண்டில் முதல் 1.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை. 2018 ஜனவரி 31க்கு முன்பு வாங்கியதென்றால் அன்றைய விலையை வாங்கிய விலையாகக் காட்டலாம், அதுவரை வந்த லாபம் தப்பித்தது. மாமா உச்சத்தில் 10 லட்சத்துக்கு விற்றிருந்தால், அந்தச் சலுகைக்குப் பிறகு லாபம் சுமார் 5.7 லட்சம். வரி, செஸ் எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் போல வரும். விற்ற தொகையில் ஆறு சதவீதம்கூட இல்லை. அதையே பாதியை மார்ச் கடைசியிலும் பாதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் விற்றால் 1.25 லட்சம் விலக்கு இரண்டு முறை கிடைத்து இன்னும் 16,000 மிச்சமாகும். வரிக்குப் பயந்து விற்காமல் இருந்த அதே ஐந்து மாதத்தில் சந்தை எடுத்துக்கொண்டது 12 லட்சம்.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு ‘12 லட்சம் வரை வரியே இல்லை’ என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். புதிய முறையில் வட்டி, பென்ஷன் மாதிரியான வருமானத்துக்கு அது சரி. பங்கு ஃபண்டு விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. கோயில் வாசல் பேச்சை நம்பி விற்றுவிட்டு ஜூலையில் ஆடிட்டரிடம் போய் முழிப்பவர்களை வருடாவருடம் பார்க்கலாம்.

எடுத்த பணத்தை எங்கே வைப்பது என்பதற்கு நம் நாட்டில் ஒரு நல்ல விடை இருக்கிறது, அமெரிக்கர்களுக்கு இல்லாத விடை. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானது. வட்டியும் அப்போது 8.2 சதவீதமானது, அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் வந்து விழும். மாமா 2017இல் அன்றைய வரம்பான 15 லட்சத்தைப் போட்டு வைத்தார், வரம்பு உயர்ந்ததைக் கவனித்தாரா தெரியாது. ஏறியிருந்த ஃபண்டிலிருந்து 15 லட்சத்தை இங்கே மாற்றியிருந்தால் காலாண்டுக்கு 30,750 ரூபாய் வந்திருக்கும், வருடத்துக்கு 1.23 லட்சம். வைப்பைக் கரைத்து ஈடுகட்டிய பற்றாக்குறையில் பெரும்பகுதி அடைந்துபோயிருக்கும். பங்கின் எடையும் 65இல் இருந்து 53க்கு வந்திருக்கும். ஒரே நகர்த்தலில் இரண்டு வேலை. மாமிக்கும் அறுபது தாண்டிவிட்டதால் அவர் பெயரிலும் தனியாக 30 லட்சம் வரை போடலாம்.

வேடிக்கை என்னவென்றால், இதே வீட்டில் ஏறிய இன்னொரு சொத்தைப் பற்றி யாருக்கும் பதற்றமே இல்லை. பீரோவில் இருக்கும் நகை. பவுன் விலை இந்த வருடங்களில் எப்படி ஏறியது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் எந்த மாமியும் காலையில் எழுந்து நகையை எடை போட்டு இன்றைய விலையால் பெருக்கி, ‘போன மாதத்தைவிட 40,000 குறைந்துவிட்டதே’ என்று அழுவதில்லை. விற்கவும் ஓடுவதில்லை. நகைக்கு அறிக்கை வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். செயலியில் தினமும் இரண்டு முறை பார்க்கிறாராம்.

கார்ப்பஸ் கூடியது வெளியே தெரிந்தால் நடப்பது தனிக்கதை. கண் படும் என்று வெளியாரிடம் மூச்சு விடமாட்டார்கள், ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அந்த அறிக்கையைத் திறந்து கொடுப்பதே அவர்கள்தானே. பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் 20 லட்சம் குறைகிறது என்று பேச்சு வரும். கேட்பவன் கெட்டவன் இல்லை, கொடுப்பதும் தவறில்லை. கொடுப்பதென்றால் ஏறிய சமயத்தில் எடுத்துக் கொடுப்பதே நல்லது. ஆனால் தொகையை மறுபடி வருடமாக்கிப் பேசுங்கள். 20 லட்சம் என்றால் மாமா, மாமியின் மூன்றே முக்கால் வருடம். ‘ஒன்றரைக் கோடி கிட்ட வச்சிருக்கீங்களே’ என்பது ஒரு பேச்சு, ‘அம்மாவோட மூணே முக்கால் வருஷத்தைக் கேக்கறேன்’ என்பது வேறு பேச்சு. இரண்டாவதைச் சொல்லிப் பார்த்தபின் மகன் தானாகவே பத்து லட்சம் என்று குறைத்துக்கொண்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

மருத்துவச் செலவைத் தனியே எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். மூத்தவர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் முன்கூட்டியே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் நீங்கியது. இரண்டும் ஆறுதல். ஏறிய பணத்தைக் காட்டி ‘இனி காப்பீடு எதற்கு’ என்று பாலிசியை விட்டவர்களும் உண்டு. அது எனக்கு விளங்கவே இல்லை.

இவ்வளவு எச்சரிக்கையும் எழுதிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பார்த்த ரிட்டயர்டு மனிதர்களில் ஏறிய பணத்தைக் கண்மண் தெரியாமல் செலவழித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். தொடவே தொடாதவர்கள்தான் அதிகம். போட்ட முதலில் கை வைக்கக் கூடாது, வட்டியில் வாழ வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறியது. வட்டிக்கு விட்ட பணத்துக்கு அது பொருந்தியது. வைப்புக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கிடைத்த காலத்தில் அதில் வாழவும் முடிந்தது. பங்கு ஃபண்டில் முதல் எது, வட்டி எது? 84 லட்சத்தில் 30 முதல், 54 வட்டி என்று பார்த்தால் மாமா வட்டியில் பத்துப் பைசாகூட எடுக்கவில்லை. மொத்தமும் முதல் என்று பார்த்தால் எப்போதுமே எடுக்க முடியாது. இரண்டாவது விதமாகத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். ஆகவே வங்கி வைப்பைக் கரைத்துக்கொண்டே போகிறார்கள், ஃபண்டைச் சாமி படம் மாதிரி மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. எஸ்.டபிள்யூ.பி. என்று ஃபண்டிலிருந்து மாதம் இவ்வளவு என்று தானாக வங்கிக்கு வரும்படி எழுதிக் கொடுத்துவிடுவது. வருவது யூனிட் விற்ற காசுதான், ஆனால் ஒன்றாம் தேதி குறுஞ்செய்தி வரும்போது சம்பளம் மாதிரி இருக்கும். விற்றோம் என்ற குத்தல் இல்லை. மாமா மாதிரி ஒருவர் 84 லட்சத்திலிருந்து மாதம் 12,000 எடுத்தால் வருடத்துக்கு 1.44 லட்சம், இரண்டு சதவீதம்கூட ஆகாது. அதில் லாபம் என்று கணக்காவது 1.25 லட்சத்துக்குள் அடங்கிவிடும் என்பதால் வேறெதையும் விற்காதவரை அதற்கு வரியும் கிடையாது.

மாமாவின் மேசை இழுப்பறையில் பழைய எல்.ஐ.சி. டைரி ஒன்று இருக்கிறது. பென்சிலால்தான் எழுதுவார், அழிக்க வேண்டியிருக்கும் என்று. மாதம் ஒரு வரி: தேதி, சீனியர் சிட்டிசன், எஃப்.டி., ஃபண்டு, மொத்தம். 2025 ஏப்ரலில் அந்த வரிசைக்கு வலப்பக்கம் இன்னொரு கோடு போட்டு, தலைப்பில் ‘வயது’ என்று எழுதியிருந்தார். கீழே 89 என்று இருந்தது. மாமிக்குத் தனியாக 84. எட்டிப் பார்த்த மாமி, ‘அதுவரைக்கும் இந்த முழங்காலோடதான் நடக்கணுமா?’ என்று கேட்டார். மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சை. மாமா பென்சிலைத் திருப்பி, ரப்பர் பக்கத்தால் 89ஐ அழித்து 88 என்று எழுதினார். மாமியின் 84ஐயும் 83 ஆக்கினார். பிறகு டேப்லட்டை எடுத்துக்கொண்டு, ‘இதுல விக்கறது எப்படிடா?’ என்று மகனுக்கு போன் செய்தார்.